சத்திரப்பட்டி முதல் முகுந்தராயர் சத்திரம் வரை

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி நெய்வதில் பேர் வாங்கியது. பரமக்குடியைத் தாண்டி ராமநாதபுரம் போகும் ரயிலில் இருந்தால் சத்திரக்குடி என்றொரு ஸ்டேஷன் வரும். கடைசியாக நிலம் முடியும் இடத்தில் மண்டபம். கடலைக் கடந்து தீவுக்குள் இறங்கினால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். ராமேஸ்வரத்தையும் தாண்டி தனுஷ்கோடிப் பக்கம் போனால் முகுந்தராயர் சத்திரம்.

சத்திரம், மண்டபம், மடம். வழிநெடுகத் தலைசாய்க்க இடம் இருந்தது என்பதற்கு இந்த ஊர்ப்பெயர்களே சாட்சி. ஒரு குடும்பம் கையில் அதிகம் காசில்லாமல் ஒரு தீவுக்குப் போய், கடலில் முழுகி, நாலு நாள் இருந்து திரும்ப முடிந்தது எப்படி என்ற கணக்கின் முதல் வரி இந்தப் பெயர்களில் இருக்கிறது.

இன்று தீவுச் சுற்றுலா என்றதும் அந்தமான், மாலத்தீவு என்று விளம்பரங்கள் நீல நிறத்தில் வருகின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தீவு என்றால் ஒன்றுதான். ஆனால் யாரும் ‘தீவுக்குப் போகிறோம்’ என்று சொன்னதில்லை. ‘ராமேஸ்வரம் போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாறோம்’ என்பார்கள். ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர் பரப்பும், தென்னையும் உடைமரமும், இரண்டு பக்கமும் இரண்டு குணமுள்ள கடலும் கொண்ட அந்த மணல்திட்டு புண்ணியக் கணக்கில்தான் எழுதப்பட்டதே தவிர, உல்லாசக் கணக்கில் அல்ல. உல்லாசம் இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. அதற்குத் தனியாகப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு: அது வெளியூர்கூட இல்லை. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டம் அமைத்தபோது, திருநெல்வேலியோடு இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்கள் அதில் சேர்ந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமும் பாம்பன் கடலும் ஒரே கலெக்டரின் கீழ். வேடிக்கை என்னவென்றால், அந்த கலெக்டர் ஆபீஸ் ராமநாதபுரத்திலும் இல்லை, மதுரையில் இருந்தது. 1985 மார்ச்சில் காமராஜர் மாவட்டம் (இன்றைய விருதுநகர் மாவட்டம்) பிரியும் வரை 75 ஆண்டுகள் இப்படியே ஓடியது. அணில் விளையாடும் செண்பகத்தோப்புக் காட்டுக்கும் சுறா திரியும் மன்னார் வளைகுடாவுக்கும் ஒரே மாவட்டப் பெயர்.

ரயிலுக்கு முந்தைய காலத்தில் இது நடைப்பயணம். போகிற தூரம் 200 கிலோமீட்டருக்கும் மேல். நாளைக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் போக மட்டும் எட்டு ஒன்பது நாள். அறுப்பு முடிந்து வயலில் வேலை ஓய்ந்த நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். தனியாகப் போனால் வழிப்பறி பயம். அதனால் கூட்டமாகப் போனார்கள். கூட்டமாகப் போனால் செலவும் பங்காகும் என்பது பிறகு கிடைத்த லாபம்.

ராத்தங்கலுக்கு யார் பொறுப்பு? ராமநாதபுரத்து மன்னர்களின் பட்டப்பெயரே சேதுபதி. சேதுவழியைக் காப்பதும் யாத்திரிகர்களுக்கு நிழல் தருவதும் அந்தப் பட்டத்தோடு வந்த கடமை. மதுரை நாயக்கர்களில் ராணி மங்கம்மாள் பேரால் சாலையும் சத்திரமும் இன்றும் சொல்லப்படுகின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. வடக்கேயிருந்து வந்தவர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டினார். நகரத்தார் தங்கள் பங்குக்குக் கட்டினார்கள். மூன்று நாள் தங்கலாம், வாடகை கிடையாது என்பது பல சத்திரங்களில் வழக்கம்.

இந்த தர்மத்தை ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. பல சத்திரங்களில் சமைத்த சோறு பிராமணர்களுக்கு. மற்றவர்களுக்கு அரிசி, பருப்பு, விறகு என்று ‘படி’ அளந்தார்கள். இன்னும் சிலருக்குத் திண்ணைகூட இல்லை. கோயில் வாசலும் அப்படித்தான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 ஜூலையில். மாகாணம் முழுக்க எல்லாக் கோயில்களையும் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட சட்டம் 1947-இல். அதுவரை இந்தத் தீவுப் பயணம் மலிவு என்று சொல்வதானால், யாருக்கு மலிவு என்ற கேள்வியையும் கூடவே கேட்டாக வேண்டும். கடல் மட்டும் யாரையும் தடுக்கவில்லை.

வைணவ ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவலிங்கத்தைப் பார்க்கப் போவதா என்று நினைத்த குடும்பங்களுக்கும் வழி இருந்தது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புல்லாணி, 108 திவ்ய தேசங்களில் ஒன்று, ராமன் தர்ப்பைப் புல்லின் மேல் படுத்திருக்கும் கோலம், பிரசாதம் பாயசம். அங்கிருந்து சேதுக்கரைக் கடலில் நீராடிவிட்டால் போதும், தீவுக்குள் போகாமலே திரும்பலாம். ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டு அடுத்த கரையைப் பார்க்காமல் திரும்ப மனசு வருமா? ஆண்டாள் ஊரிலேயே மடவார்வளாகத்தில் வைத்தியநாத சுவாமிக்குப் பெரிய கோயில் இருக்கும்போது, ராமநாத சுவாமியிடம் மட்டும் என்ன வைராக்கியம்.

நடையை ஒழித்தது ரயில். ஆனால் ஒரே நாளில் அல்ல. 1875, 76-இல் தண்டவாளம் மதுரையைத் தொட்டுத் தூத்துக்குடிக்குப் போனபோது ராஜபாளையத்தார் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோ (இன்றைய விருதுநகர்) வந்து ரயிலேற வேண்டியிருந்தது. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. அங்கே இறங்கி, தோணித்துறையில் தோணியேறி, பாம்பனில் கரையேற வேண்டும். காற்று எதிர்த்தால் காத்திருக்க வேண்டும். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது: 145 கண்கள், நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்கு. ஆட்கள் நின்று கையால் திருகித்தான் அதைத் திறந்தார்கள். 1927-இல் விருதுநகர்–தென்காசிப் பாதை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் சொந்தமாக ஸ்டேஷன் கிடைத்தது. அதற்குப் பிறகு எட்டு நாள் வழி ஓர் இரவும் ஒரு பகலுமாகச் சுருங்கியது.

மூன்றாம் வகுப்பில்தான் போனார்கள். அந்தப் பெட்டிகளின் நெரிசலையும் அழுக்கையும் பற்றி காந்தி 1917-இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அந்த வகுப்பு 1974-இல்தான் ஒழிந்தது. இதே தடத்தில் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ‘போட் மெயில்’ ஓடியது. தனுஷ்கோடியில் இறங்கி நீராவிக் கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து இன்னொரு ரயிலில் கொழும்பு. அதில் போன பெரிய மனிதர்களுக்குத் தீவு என்றால் இலங்கை. மண்டபத்து முகாமில் அம்மை நோய்க்கும் காலராவுக்கும் சோதனை முடித்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளுக்கும் தீவு என்றால் அதே இலங்கைதான். ‘மண்டபம் கேம்ப்’ என்ற ஸ்டேஷன் பெயர் அந்த நாளின் மிச்சம்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களைத் தோணியிலும் கொண்டுபோனார்கள். அப்படித் தோணி விட்டவர்களில் ஒருவர் ஜைனுலாப்தீன்; அப்துல் கலாமின் தகப்பனார்.

இனி, மூட்டைக்கு வருவோம். மலிவுப் பயணத்தின் சூட்சுமம் டிக்கெட்டில் இல்லை, கட்டுச்சோற்றில் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி புளிக்காய்ச்சல் கொதிக்கும். நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும் வரை இறக்க மாட்டார்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணினால் மறுநாளே ஊசிப்போகும். சோற்றை வாழையிலையில் பரப்பி, சூடு முழுக்க ஆறிய பிறகுதான் கிளற வேண்டும். ஈரக்கை படக் கூடாது. முதல் நாளுக்கு இட்லி, மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவியே வைத்தது. இரண்டாம் நாளுக்குப் புளிச்சோறு. அதற்குப் பிறகு முறுக்கு, பொரிவிளங்காய் உருண்டை. தூக்குவாளியில் தண்ணீர். நாலாவது நாளுக்குத்தான் சத்திரத்து அடுப்பு. அரிசியும் பருப்பும் வீட்டிலிருந்தே வந்திருக்கும். ஆகத் தங்க இடத்துக்குக் காசில்லை, சாப்பாட்டுக்குக் காசில்லை. காசு இறங்கிய இடங்கள் மூன்று: ரயில், தட்சிணை, கடைசி நாள் கடைத்தெரு.

கடைத்தெருவில் வாங்கியதும் பெரிதாக ஒன்றுமில்லை. பேர் பொறித்துத் தரும் சங்கு, சோழி மாலை, பனையோலைக் கொட்டான். பாம்பன் கருவாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. புண்ணியம் தேடிப் போய்விட்டுக் கருவாட்டு மூட்டையோடு எப்படித் திரும்புவது? திரும்பியவர்களும் உண்டு.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரை ஊர் எட்டுவதற்குள் அலை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அன்று ராமேஸ்வரத்தில் இருந்தார்கள், தப்பினார்கள். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. இனிக் குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. 46 நாளில் அதை நிமிர்த்திக் காட்டியவர் அப்போது இளம் என்ஜினீயராக இருந்த ஈ. ஸ்ரீதரன். ராமேஸ்வரம் பிழைத்தது. சேது முழுக்குப் போட தனுஷ்கோடி முனைக்குப் போகும் ரயில் மட்டும் திரும்ப வரவே இல்லை.

அடுத்த மாற்றம் 1988 அக்டோபர் 2-இல். ராஜீவ் காந்தி திறந்துவைத்த சாலைப் பாலத்தின் வழியாகத்தான் முதன்முதலாக பஸ்ஸும் வேனும் தீவுக்குள் உருண்டு போயின. அதோடு மூன்றாம் வகுப்புக் குடும்பம் வேன் குடும்பமாக மாறியது. மில் வேலைக்காரர்களும் தறிக்காரர்களும் மாதாமாதம் ஒரு தொகை கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை டூர் போகும் வழக்கம் இந்தப் பக்கத்தில் பரவியது. ஒரு பெரியவர் கணக்குப் பார்ப்பார். ஆடி அமாவாசை, தை அமாவாசை வேண்டாம், ரூம் வாடகை ஏறிவிடும் என்பார். ராத்திரி கிளம்பினால் விடியலில் அக்னி தீர்த்தம். ஒருநாள் ரூம் வாடகை மிச்சம் என்பார். சமையலுக்கு ஆளும் பாத்திரமும் கேஸ் அடுப்பும் வேன் கூரையிலேயே வரும்.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், பெரும்பாலும் கிணறுகள். வாளியில் கயிறு கட்டிக் கிணற்றுச் சுவரில் ஏறி நிற்பவர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு ஓடும் பெண்கள், வழுக்கும் கல்தளத்தில் பேரனைப் பிடித்துக்கொள்ளும் தாத்தா, இந்தத் தண்ணீர் அந்தத் தண்ணீரைவிட இனிக்கிறது என்று சத்தியம் செய்யும் ஒருவர். நீச்சல்குளம் வைத்த எந்த விடுதியிலும் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்காது. நனைந்த துணியோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள் என்பதால் ஆளுக்கொரு மாற்றுத்துணி கண்டிப்பாக வேண்டும். அதை வேனிலேயே மறந்துவிட்டு வருபவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

2022 டிசம்பரில் பழைய ரயில் பாலம் பாதுகாப்பில்லை என்று நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறக்கும் வரை, ரயிலில் வந்தவர்கள் கரையிலேயே இறங்கி வேறு வண்டி பிடித்துத் தீவுக்குப் போனார்கள். 1902-க்கும் 1914-க்கும் நடுவில் கொள்ளுத்தாத்தாக்கள் செய்தது அதுதான்; தோணிக்குப் பதில் பஸ்ஸும் ஆட்டோவும். புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே எழும்புகிறது. ஆள் நின்று திருக வேண்டியதில்லை.

முகுந்தராயர் சத்திரத்தில் இப்போது சத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. 2017-இல் அங்கிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதற்கு முன் டெம்போ வேன்கள் மணலிலும் அலையிலும் குலுக்கிக்கொண்டுதான் போயின. இப்போது ராஜபாளையத்து வேன் நேராக முனைவரை போகிறது. இடிந்த சர்ச் அருகே நிற்கிறது, பிள்ளைகள் இறங்கி ஓடுகிறார்கள், கடல் இரண்டு பக்கமும் நெருங்கி வருவதைப் பார்த்துப் பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்துகிறார்கள்.

திரும்புகிற வழியில் கணக்கு நோட்டு வெளியே வரும். டீசல், டிரைவர் பேட்டா, பார்க்கிங், தீர்த்தக் கட்டணம், ரூம் எல்லாம் போக மிச்சத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். அதற்குள் யாராவது ஒருவருக்கு நினைவு வந்துவிடும்: பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் வாங்கவில்லை. தீர்த்தம் ஒரு பாட்டில் இருக்கிறது, தின்ன ஒன்றுமில்லை. வேன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும். விறகு அடுப்பில் கிண்டிய பால்கோவா, சூடு ஆறாமல், கால் கிலோ பொட்டலங்கள். அடுத்த நாள் ராஜபாளையத்துத் தெருவில் அது ராமேஸ்வரம் பிரசாதமாகக் கைமாறும்.