தேக்காவின் பழைய வீடுகள்: கட்டடம் பத்திரம்... கதை பத்திரமா?

தேக்கா பக்கம் போனால் அந்த வீடு கண்ணில் படாமல் இருக்காது.

கதவுக்கு ஒரு நிறம், சன்னலுக்கு ஒரு நிறம், தூணுக்கு இன்னொரு நிறம். கெர்பாவ் ரோட்டில், முன்னால் எப்போதும் யாராவது ஒருவர் படமெடுத்துக்கொண்டே இருப்பார். நீங்களும் எடுத்திருக்கலாம்.

"இது யார் வீடு?" என்று உங்கள் பிள்ளை கேட்டால்?

லிட்டில் இந்தியாவிலும் மற்ற இடங்களிலும் உள்ள பழைய வீடுகள் எப்படிக் காப்பாற்றப்படுகின்றன, எது காப்பாற்றப்படுவதில்லை, அதில் உங்களுக்கு என்ன பங்கு? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது யார் வீடு?

சீன வணிகர் டான் டெங் நியாவின் வீடு. 1900ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 2 மாடி, 8 அறைகள். சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் அவருக்கு இனிப்புத் தயாரிக்கும் தொழிற்சாலைகள் இருந்தன.

லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை வீடு அது!

சீனருக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். தெருப் பெயரிலேயே பதில் இருக்கிறது. 'கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமை. பக்கத்திலேயே பஃப்ளோ ரோடு. அந்தக் காலத்தில் இது மாட்டு வியாபாரம் நடந்த இடம். மாடுகளை நம்பிப் பல தொழில்கள் வந்தன, தொழிலை நம்பிப் பல இனத்தவரும் வந்தார்கள். 'தேக்கா' என்ற பெயரே ஹொக்கியன் மொழியிலிருந்து வந்ததுதான். மூங்கில் புதரின் அடிப்பகுதியைக் குறிக்கும் சொல் அது.

உள்ளே போய்ப் பார்க்கலாமா? அது அரும்பொருளகம் இல்லை, வணிக இடம். வெளியிலிருந்துதான் ரசிக்க முடியும். நீங்கள் ரசிக்கும் அந்தப் பல வண்ணப் பூச்சும் டான் காலத்தது இல்லை, பின்னால் வந்தது.

நினைவுச்சின்னம், பாதுகாக்கப்பட்ட கட்டடம், அரும்பொருளகம்... மூன்றும் ஒன்றா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

> தேசிய நினைவுச்சின்னம்: நாட்டின் வரலாற்றில் மிக முக்கியமான இடம் என்று அரசிதழில் அறிவிக்கப்படுவது. தேசிய மரபுடைமைக் கழகம் கவனித்துக்கொள்கிறது. உரிமையாளரே ஆனாலும் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது.

> பாதுகாக்கப்பட்ட கட்டடம்: தனிக் கட்டடமாகவும் இருக்கலாம், ஒரு வட்டாரமே கூட இருக்கலாம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பொறுப்பு. தீவு முழுவதும் 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் இந்தப் பட்டியலில் உள்ளன.

> அரும்பொருளகம்: பொருள்களையும் கதைகளையும் சேகரித்துக் காட்டும் இடம். அது புத்தம்புதுக் கட்டடத்திலும் இருக்கலாம்.

உதாரணம் வேண்டுமா? சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் ஒரு தேசிய நினைவுச்சின்னம். தேக்காவில் நீங்கள் பார்க்கும் கடைவீட்டு வரிசைகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் அரும்பொருளகம்.

லிட்டில் இந்தியாவுக்கு எப்போது பாதுகாப்பு கிடைத்தது?

நினைவுச்சின்னங்களுக்கான வாரியம் 1971இல் அமைந்தது. 1973இல் முதல் 8 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அந்த முதல் எட்டில் ஒன்று.

அதன் பிறகு வந்தவற்றில் சில:

> தெலுக் ஆயரில் உள்ள நாகூர் தர்கா, 1974
> சிராங்கூன் ரோட்டில் உள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில், 1978
> டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல், 1979

இவையெல்லாம் தனித்தனிக் கட்டடங்கள். தெருக்களின் கதி?

அதற்கு 1989 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற வட்டாரங்கள் முழுமையாகப் பாதுகாப்பின் கீழ் வந்தன. ஐந்தடி நடைபாதை, ஓட்டுக் கூரை, மரச் சன்னல், நடுவில் வெளிச்சத்துக்கு விட்ட திறந்த வெளி எல்லாவற்றையும் முடிந்தவரை அப்படியே வைத்துப் பழுதுபார்க்க வேண்டும் என்பது விதி.

தப்பாமல் போன வீடுகள்...

1989க்கு முன்பே சில இடங்கள் போய்விட்டன. தமிழர்களுக்கு அதில் பெரிய இழப்பு மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள்.

கிட்டங்கி என்றால்? செட்டிநாட்டிலிருந்து வந்த நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய இடம். நீளமான ஒரே கூடத்தில் பலர் தனித்தனியாகத் தொழில் செய்வார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சிறு மேசை, கணக்குப் புத்தகம். பகலில் அலுவலகம், இரவில் படுக்கை அங்கேயே.

வங்கிக்குள் நுழைய வழியில்லாத சின்ன வியாபாரி பலருக்கு அந்தப் பெட்டிதான் வங்கி.

1970களில் நகர மறுசீரமைப்புக்காக அந்த இடங்கள் கையகப்படுத்தப்பட்டன. இன்று அங்கே நிற்பவை வானளாவிய அலுவலகங்கள். கிட்டங்கி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? படம், பழைய பொருள், பார்த்தவர் சொல்லும் கதை... இந்த மூன்றுதான் மிச்சம்.

அதே நகரத்தார் 1859இல் டேங்க் ரோட்டில் நிறுவிய ஸ்ரீ தண்டாயுதபாணி கோயிலின் கதை வேறு. இப்போதுள்ள கட்டடம் 1983இல் எழுந்தது. ஆனாலும் 2014இல் அது தேசிய நினைவுச்சின்னமானது. காரணம், ஓர் இடத்தின் மதிப்பு அதன் வயதில் மட்டும் இல்லை. தைப்பூசக் காவடிகள் வந்து சேருமிடம் அல்லவா அது!

அப்போ, கட்டடம் நின்றால் போதுமா?

போதாது. இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

சட்டம் கூரையைக் காக்கும், சன்னலைக் காக்கும். வட்டாரத்தின் தன்மைக்குப் பொருந்தாத சில தொழில்களை நடுப்பகுதியில் தடுக்கவும் செய்யும். ஆனால், "இங்கே மாவரைக்கும் கடை இருந்தே ஆகணும்" என்று அதனால் சொல்ல முடியாது. கடையை நடத்தியவர் ஓய்வுபெற்று, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய், வாடகையும் ஏறினால் கதவு சாத்தப்படும். சுவர் மட்டும் அழகாக நிற்கும்.

சுவரைத் தாண்டியும் யோசிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. நம் உணவங்காடிப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அது கட்டடம் இல்லை, பழக்கம். நீண்டகாலமாக நடக்கும் மரபுக் கடைகளை அடையாளம் கண்டு ஆதரிக்கும் திட்டத்தையும் தேசிய மரபுடைமைக் கழகம் தொடங்கியிருக்கிறது.

இந்திய மரபுடைமை நிலையத்தில் என்ன பார்க்கலாம்?

2015 மே 7ஆம் தேதி, அப்போதைய பிரதமர் லீ சியென் லூங் திறந்துவைத்தார்.

4 மாடிக் கட்டடம். வட இந்தியாவின் 'பாவோலி' எனும் படிக்கிணற்றை மனத்தில் வைத்து வடிவமைத்தது. பகலில் கண்ணாடி போலப் பளபளக்கும், இரவில் உள்விளக்கு வெளியே தெரியும்.

நிரந்தரக் காட்சிக்கூடம் 5 கருப்பொருள்களில் நடக்கிறது. தென்கிழக்காசியாவோடு இருந்த பழந்தொடர்பில் தொடங்கி, குடியேற்றம், முன்னோடிகள், சமூக அரசியல் விழிப்பு, நாட்டு உருவாக்கம் என்று வருகிறது.

தவறவிடக்கூடாதது செட்டிநாட்டு மரக்கதவு நிலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதில் சுமார் 5,000 நுண்ணிய செதுக்கல்கள்! கிட்டங்கியில் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சேர்த்த பணம் ஊரில் எப்படி வீடாக மாறியது என்பதை அந்த ஒரு கதவு சொல்லிவிடும்.

அவ்வப்போது சிறப்புக் கண்காட்சிகளும் உண்டு. மலாக்கா செட்டிகள், தமிழர், சீக்கியர், மலையாளிகள் என்று ஒவ்வொரு சமூகத்தைப் பற்றியும் நடந்திருக்கின்றன. சமூகத்தினர் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பொருள்கள் இல்லையென்றால் அப்படிப்பட்ட கண்காட்சிகள் நிறைவாக அமைந்திருக்காது.

அரும்பொருளகம் எதையும் வாங்கி வைக்கலாமா?

கூடாது. அந்தப் பாடம் சிங்கப்பூருக்கே கிடைத்தது.

ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் 650,000 அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு சோழர்கால உமா பரமேஸ்வரி வெண்கலச் சிலையை வாங்கியது. விற்றது நியூயார்க்கில் சுபாஷ் கபூர் நடத்திய கடை. பின்னர்தான் அது தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்பது வெளிவந்தது. சிலையை இந்தியாவிடம் திருப்பிக் கொடுப்பதாக 2015இல் அரும்பொருளகம் அறிவித்தது.

பொருள் எவ்வளவு அழகு என்பது மட்டும் கேள்வி இல்லை. "எங்கிருந்து வந்தது? யார் கையில் இருந்தது?" என்பதற்கும் பதில் வேண்டும். பாட்டி வீட்டுப் பொருளுக்கும் அதே கேள்விதான்!

உங்கள் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருக்கிறதா?

வீவக வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அதுதான். தூக்கிப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

> கதையை முதலில் பிடியுங்கள். யாருடையது, எந்த ஆண்டு, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது? பெரியவர்கள் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள்.

> படங்களின் பின்னால் பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

> பழைய கடப்பிதழ், கடிதம், அடையாள அட்டை எதையும் லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரித்தெடுப்பது கடினம்.

> பித்தளை, வெள்ளியைப் பளபளவென்று தேய்க்க வேண்டாம். தேய்மானமும் கறையும்கூட வரலாறுதான்.

> வெயில், ஈரம் இரண்டும் எதிரி. சமையலறை, சன்னலோரம் தவிருங்கள்.

அரும்பொருளகத்திடம் கொடுக்க நினைத்தால் முதலில் படமும் கதையும் அனுப்பிக் கேளுங்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஏற்கெனவே அதுபோல் நிறைய இருக்கலாம். வேண்டாம் என்றால் உங்கள் பொருளுக்கு மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. கொடையாகக் கொடுக்கிறீர்களா, கண்காட்சிக்கு இரவலா என்பதையும் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பொருளே இல்லையா? ஞாபகம் இருந்தால் போதும். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் தமிழில் பேசியவர்களின் குரல்களும் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

இந்த வாரயிறுதி போகணுமா?

லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்குங்கள்.

1. கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா வீடு
2. சிராங்கூன் ரோட்டைக் கடந்து கேம்பல் லேன், இந்திய மரபுடைமை நிலையம்
3. அங்கிருந்து நடந்தே டன்லப் ஸ்திரீட், அப்துல் கஃபூர் பள்ளிவாசல்

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தின் நிரந்தரக் காட்சிக்கூடத்துக்கு அனுமதி இலவசம். திறந்திருக்கும் நாள், நேரத்தை இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழிபாட்டு இடங்களில் உடையில் கவனம். தொழுகை நேரம், பூசை நேரம் பார்த்துப் போங்கள்.

முடிந்தால் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போங்கள். காட்சிப்பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையில் நான்கு வரிதான் இருக்கும். "இதுமாதிரி ஒண்ணு நம்ம வீட்லயும் இருந்துச்சு" என்று அவர்கள் தொடங்கினால், கைத்தொலைபேசியை எடுத்துப் பதிவை அழுத்திவிடுங்கள்.