நேபாளத்தில் பெண் கடத்தலும் ஊர்க் கண்காணிப்பும்

பாலியல் தொழிலில் தள்ளுவதற்காகப் பெண்களையும் சிறுமியரையும் விற்பதை நேபாள மக்கள் 'சேலிபேட்டி பேச்பிகன்' என்பார்கள். வீட்டுப் பெண்மக்களை விற்பது என்று பொருள். கடத்தல் என்ற சொல்லைவிட இது உண்மைக்கு நெருக்கமானது. வாயைப் பொத்தித் தூக்கிச் செல்வது அரிதாகவே நடக்கிறது. பெண் தன் காலாலேயே நடந்து வந்து பேருந்து ஏறுகிறாள். அழைத்துப் போகிறவர் பெரும்பாலும் உறவினர், பக்கத்து வீட்டார், அல்லது கட்டிக்கொள்வதாகச் சொன்ன இளைஞன்.

காத்மாண்டுவை ஒட்டிய சிந்துபால்சோக், நுவாகோட் ஆகிய மலை மாவட்டங்களிலிருந்து, முக்கியமாக தாமாங் இனத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து, மும்பை, கொல்கத்தா பாலியல் விடுதிகளுக்குப் பெண்கள் பல பத்தாண்டுகளாக விற்கப்பட்டு வந்தனர். இந்திய எல்லை 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியில் இரு நாட்டவரும் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் அதைக் கடக்கலாம். பிழைப்புக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாகப் பெண்ணை அழைத்துச் செல்லும் தரகரும் கடந்துவிடுகிறார்.

1996 பிப்ரவரியில் மும்பை விடுதிகளில் நடந்த பெருஞ்சோதனையில் மீட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 200 பேர் நேபாளப் பெண்கள். குடியுரிமைச் சான்று இல்லை, நோய் பரவும் என்றெல்லாம் சொல்லி அவர்களை ஏற்க நேபாள அரசு தயங்கியது. தன்னார்வ அமைப்புகளே அவர்களை ஊருக்கு அழைத்துவந்தன. திரும்பியவர்களுள் 15 பேர் சேர்ந்து 'சக்தி சமூஹா' அமைப்பைத் தொடங்கினர். கடத்தலிலிருந்து மீண்ட பெண்களே நடத்தும் இந்த அமைப்பு 2013இல் மகசேசே விருது பெற்றது.

ஊரார் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. சம்பளம் சொல்லப்படும், வேலை இடத்தின் முகவரி சொல்லப்படாது. பயணச் செலவைத் தரகரே ஏற்பார். வீட்டில் சொல்ல வேண்டாம் என்பார், அல்லது திருமணத்தை அவசரப்படுத்துவார். சான்றிதழில் வயது கூட்டப்பட்டிருக்கும். போன பிறகு அவளிடமிருந்து அழைப்பு வந்தாலும் பக்கத்தில் யாரோ நிற்பது பேச்சிலேயே தெரியும். இவற்றில் ஒன்று மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. இரண்டு மூன்று சேர்ந்தால் விசாரித்தே ஆக வேண்டும்.

அனுராதா கொய்ராலா 1993இல் தொடங்கிய 'மைத்தி நேபாள்' எல்லையில் இத்தகைய விசாரணையையே செய்கிறது. மைத்தி என்றால் பெண்ணின் பிறந்த வீடு. கண்காணிப்பவர்களுள் தாங்களே ஒருகாலத்தில் விற்கப்பட்ட பெண்களும் உண்டு. ரிக்‌ஷாவை நிறுத்தி, பெண்ணையும் உடன் வரும் ஆணையும் தனித்தனியே கேட்பார்கள்: எங்கே போகிறீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், இவருடைய அம்மா பெயர் என்ன? கணவன் என்றவரின் தாய் பெயர் அவளுக்குத் தெரியாமலிருக்கும். பதில்கள் முரண்பட்டால் வீட்டுக்குத் தொலைபேசி போகும். சிக்கலும் இங்கேதான். உண்மையாகவே வேலை தேடிப் போகும் வயதுவந்த பெண்ணும் தடுக்கப்படுவது உண்டு. அது அவளது உரிமையைப் பறிப்பதாகும். ஐயத்துக்குரியவர் தரகரேயன்றிப் பயணம் செய்யும் பெண் அல்லள்.

ஊரில் வழக்கு நிற்காமல் போவதற்குப் பெருங்காரணம் மிரட்டலும் சமரசப் பேச்சும். விற்றவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். புகார் கொடுத்தவள் அதே தெருவில் அன்றாடம் அவரைப் பார்த்தாக வேண்டும். எனவே நேபாளத்தின் 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் காவல்துறையிடம் தரும் வாக்குமூலத்தை உடனே நீதிமன்றத்தில் சான்றுறுதி செய்ய வகை செய்கிறது. பிறகு அவர் நீதிமன்றத்துக்கு வராவிட்டாலும் அது சாட்சியமாக ஏற்கப்படும். ஆளை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் 20 ஆண்டுச் சிறை.