மூலச் சான்றுகளும் வரலாற்று வகுப்பும்

நம் வகுப்பறைகளில் மாநில வரலாறு பெரும்பாலும் பிறர் எழுதிய சுருக்கங்களைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. சுருக்கம் முடிவைத் தரும். அம்முடிவிற்கு வந்த வழியைத் தராது. வழியை மாணவர் காண வேண்டுமாயின் மூலச் சான்றுகளையே அவர்தம் கையில் கொடுத்தல் வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டத்தைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

இப்பகுதி 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. நாடார் முதலிய சமூகப் பெண்கள் தோள்சீலை அணிவது அங்கே மறுக்கப்பட்டது. மிஷனரிமாரின் முயற்சியால் 1859இல் அவ்வுரிமை கிடைத்தது என்று ஒரே வாக்கியத்தில் கூறி முடிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

ஆனால் 1859 ஜூலை 26ஆம் நாள் வெளியான அரச பிரகடனத்தைப் படிப்போர் வேறொன்றையும் காண்பர். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம். முரட்டுத் துணியால் மார்பை மறைக்கலாம். எனினும் உயர்சாதிப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது என்பதே அதன் சாரம். இதனருகே முந்தைய இரு ஆவணங்களையும் வைத்தல் நன்று. 1814ஆம் ஆண்டு ஆணை கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய இடமளித்தது. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் பிரகடனம் தோள்சீலையை மறுத்தது. மூன்றையும் ஒப்பிடும் மாணவர், எத்தடை நீங்கியது, எது நீங்கவில்லை என்பதைத் தாமே கண்டுகொள்வர்.

அடுத்து, லண்டன் மிஷன் ஊழியரின் கடிதங்களையும், சென்னை ஆளுநர் டிரெவெலியன் திருவிதாங்கூர் ரெசிடெண்ட் கல்லனுக்கு எழுதியதையும் படிக்கச் செய்யலாம். எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எந்நோக்கத்துடன் எழுதினார்? இவ்வினாக்களை ஒவ்வோர் ஆவணத்திடமும் கேட்கப் பழக்குதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் அப்பெண்கள் எழுதியதன்று என்பதையும் மாணவர் உணர்தல் வேண்டும்.

இவ்வாய்வு மிஷனரிமாரின் பெருமையைக் குறைக்கும் என அஞ்சுவாருளர். அவ்வச்சம் தேவையற்றது. கண்கூடாகக் கண்டவர்களின் சாட்சியை ஆராய்ந்து வரிசையாக எழுதிய லூக்கா விசுவாசத்தைத் தளர்த்தினாரல்லர். பாதி விடுதலையை முழு விடுதலையென்று கற்பிப்போமாயின், நம் சபைகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் எஞ்சி நிற்கும் சாதி வேற்றுமையைக் குறித்துக் கேட்க மாணவருக்கு நாவெழாது. பிரகடனத்தின் கடைசி வரிவரை படித்த மாணவரோ அக்கேள்வியைக் கேட்பர். அதற்கு விடையளிக்கும் கடமை நம்முடையது.