புரட்சியை எழுதும் நாவல்

வரலாற்று நாவல் என்றவுடன் அரண்மனையும் குதிரையும் ஒற்றர்களும் நிறைந்த மன்னர் காலமே தமிழ் வாசகர் மனத்தில் எழுகிறது. மக்கள் திரண்டெழுந்த புரட்சியைப் பொருளாகக் கொண்டு எழுதுவது அதனினும் அரிய பணியாகும். பிரெஞ்சுப் புரட்சி நிகழ்ந்து எழுபது ஆண்டுகள் சென்றபின், 1859-இல் சார்லஸ் டிக்கன்ஸ் ‘இரு நகரங்களின் கதை’ என்னும் நாவலை எழுதினார். மக்களை எழவைத்த கொடுமையையும், எழுந்த மக்கள் இழைத்த கொடுமையையும் அவர் ஒருங்கே காட்டினார். புரட்சியை எழுதுவோர்க்கு அதுவே நல்லதோர் அளவுகோல்.

மலேசியத் தமிழ் நாவலாசிரியர் அ. ரெங்கசாமியின் இரு படைப்புகளை இவ்வகையில் எண்ணிப் பார்க்கலாம். ‘இமயத் தியாகம்’ இந்திய தேசிய இராணுவத்தைப் பொருளாகக் கொண்டது. ‘நினைவுச் சின்னம்’ சயாம் மரண ரயில் பாதையைப் பேசுவது. முன்னது வீரத்தின் கதை. பின்னது துயரத்தின் கதை. இரண்டும் ஒரே மக்களின் கதையே.

அம்மக்களின் எழுச்சி 1943-இல் திடீரெனத் தோன்றியதன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு மட்டுமே அவர்கள் கோரிக்கையன்று. கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு மே மாதம் அவர் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

ஈராண்டுகள் கழித்து, 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த நேத்தாஜி சுபாஷ் சந்திர போஸ் விடுதலைப் படைக்கு ஆள் கேட்டபோது, தோட்டத்துத் தமிழர் திரண்டு வந்ததன் காரணம் இங்கே விளங்குகிறது. இழந்த மானத்தை மீட்கும் வழியாகவே பலர் அப்படையைக் கண்டனர். ஜான்சி ராணிப் படையிலும் மலாயாத் தமிழ்ப் பெண்களே மிகுதி.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தை மறைக்கலாகாது. 1943 அக்டோபர் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்னர்தான், அக்டோபர் 17-ஆம் நாள், சயாம் ரயில் பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அப்பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மடிந்தனர். படைக்குத் துணை நின்ற அதே ஜப்பானியரே இக்கொடுமையையும் இழைத்தனர். இம்முரண்பாட்டை விழுங்கிவிட்டு எழுதப்படும் நாவல் புகழுரையாகுமேயன்றி வரலாறாகாது.

இராணுவம் 1944-இல் இம்பாலில் தோற்றது. எனினும் 1945-இல் செங்கோட்டையில் நடந்த விசாரணையும், 1946 பிப்ரவரியில் எழுந்த கடற்படைக் கலகமும் ஆங்கில ஆட்சியின் அடித்தளத்தை அசைத்தன. மலாயாவிலும் அதன் விளைவு நிலைத்தது. 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் பிறந்த மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் திவி, நேத்தாஜியின் இயக்கத்தில் பங்குகொண்டவர். ஜான்சி ராணிப் படையின் தளபதிகளுள் ஒருவராயிருந்த கோலாலம்பூர்ப் பெண்மணி ஜானகி ஆதி நாகப்பன் பின்னர் மேலவை உறுப்பினரானார். போர்க்களத்தில் பெற்ற துணிவு அரசியல் மேடையில் பயன்பட்டது.

சயாமில் மாண்டோர்க்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் அத்தகைய மேடை வாய்க்கவில்லை. அவர்களுக்கு நாவலே மேடையாக வேண்டியிருந்தது. தலைவர்களின் பெயரை வரலாற்று நூல்கள் காக்கும். பெயரற்றோரைக் காக்கும் பொறுப்பு எழுத்தாளனைச் சேர்ந்தது. கிள்ளானில் சுடப்பட்டவனையும், இம்பால் சென்றவனையும், சயாமில் புதைந்தவனையும் ஒரே குடும்பத்தாராகக் காணும் எழுத்தே இந்நாட்டுத் தமிழரின் புரட்சியை முழுமையாகச் சொல்ல வல்லது.