உயில் நிறைவேற்றாளர் கடன்: உத்திரமேரூர்க் கல்வெட்டும் பச்சையப்பர் உயிலும்

இறந்தாரது பொருளைக் கைக்கொண்டு, அவர் கடன் தீர்த்து, எஞ்சியதை உரியார்க்கு அளித்து, அனைத்திற்கும் கணக்குக் காட்டுவோரை உயில் நிறைவேற்றாளர் என்கிறோம். ‘உயில்’ என்பது ஆங்கிலச் சொல்லின் திரிபே. ‘உய்’ என்னும் வினையடியோடு அதனை இயைத்துக் காண்டல் பொருந்தாது. சொல்லைப் போலவே கடமையும் கடல் கடந்து வந்தது எனக் கூறின், அதனை முற்றும் உடன்படுதற்கில்லை.

மகன் பிறப்பினாலேயே குடும்பச் சொத்திற் பங்கெய்திய நாட்டில், இறப்போர் தம் விருப்பத்தை எழுதிவைக்கும் தேவை மிகுதியும் எழவில்லை. ஆயின், பிறர் பொருளைக் கையாண்டோர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் நெறி ஈண்டுப் பழமையானது. உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. வாரியத்தார் பணி முந்நூற்றறுபது நாள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதார் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். அவர் மட்டுமோ? தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், அத்தை மக்கள் எனச் சுற்றத்தார் பலரும் விலக்கப்பட்டனர். மறைத்த பொருள் உறவினர் வீட்டிலேயே தங்கும் என்பதைச் சபையார் அறிந்திருந்தனர் போலும்! வாரியத்தார் உயில் நிறைவேற்றாளர் அல்லர். இவ்வொப்புமை கணக்குக் கடன் அளவில் நிற்பதே.

இக்கடன் தவறின் யாது நேரும் என்பதற்குப் பச்சையப்ப முதலியார் வரலாறு சான்றாகும். 1754இல் பெரியபாளையத்திற் பிறந்து, துபாசித் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், 1794 மார்ச்சு 22ஆம் நாள் கும்பகோணத்தில் உயில் எழுதினார்; ஒன்பது நாள் கழித்துத் திருவையாற்றில் மறைந்தார். ஆண்மகவு இல்லாத அவர் தம் பொருளை அறங்களுக்கு உரிமையாக்கி, தம்மை இளமையில் ஆதரித்த நாராயண பிள்ளையிடம் அதனை ஒப்புவித்தார். நம்பிக்கைக்குரியவரைத் தேர்ந்தமையிற் குறை காண்பதற்கில்லை. ஆனால் அவர்க்குப்பின் பொறுப்பேற்பார் யார், கணக்குக் கேட்பார் யார் என்பவற்றுக்கு விடையின்றி, பொருள் வழக்குகளிற் சிக்கியது. சென்னை உச்சநீதிமன்றம் 1801இல்தான் தோன்றிற்று. அரசு வழக்கறிஞர் காம்டன் அம்மன்றத்தில் தொடங்கிய முயற்சியை, அவர்க்குப் பின் வந்த சார்ச் நார்ட்டன் முடித்துவைத்தார். 1832இல் பிறந்த தீர்ப்பு கோயில் அறங்களை உறுதி செய்து, மிகுந்த பொருளைக் கல்விக்கு வழங்கியது. உயில் எழுதி முப்பத்தெட்டு ஆண்டு கழிந்திருந்தது! 1842 சனவரி முதல் நாள் சென்னையில் திறக்கப்பட்ட பள்ளியும், 1947இல் காஞ்சிபுரத்தில் எழுந்த கல்லூரியும் அத்தீர்ப்பின் வழிவந்தவை. அவற்றிற் பயின்ற தமிழ் மாணவர் பலராதலின், இது வெறும் குடும்ப வழக்கு அன்று.

சட்டம் மெல்லவே ஒழுங்குற்றது. சென்னை மாகாணத்து இந்துக்களின் உயிலுரிமையை 1856இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஏற்றது. ஆயினும் அந்நாளில் இந்து உயிலின் நிறைவேற்றாளர் மேலாளர் அளவினரே. சொத்து அவர்பால் சென்றடையவில்லை. 1870ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம் இந்நிலையை மாற்றி, நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பித்துப் பெறும் புரொபேட் என்னும் சான்றையும் கட்டாயமாக்கிற்று. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, சான்று பெற்ற நிறைவேற்றாளர் ஆறு திங்களிற் சொத்துப் பட்டியலையும், ஓராண்டிற் கணக்கையும் மன்றத்தில் அளித்தல் வேண்டும். ஓராண்டு எல்லை, வாரியத்தாரின் முந்நூற்றறுபது நாளை நினைவூட்டுகிறது. ஒன்று மற்றொன்றினின்று பிறந்தது என்று நாம் கூறவில்லை.

1870ஆம் ஆண்டுச் சட்டம் இம்மாகாணத்திற் சென்னை நகரளவில் நின்றது. 1925ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வெல்லையைப் பின்பற்றிற்று. ஆகவே ஏனாத்தூர் இந்து உழவர் ஒருவர் தம் ஊரிலிருந்தே அவ்வூர் நன்செய்க்கு எழுதிய உயிலுக்குப் புரொபேட் கட்டாயமாகவில்லை. மயிலாப்பூரில் அவர்க்கொரு மனையிருந்து அதனையும் உயிலிற் சேர்த்திருப்பின் கட்டாயமாயிற்று. சான்று பெறாத உயில்களில், பட்டியலும் கணக்கும் தாமாக மன்றம் ஏறவில்லை. உறவினருள் ஒருவர் வழக்குத் தொடுத்தபோதே ஏறின.