பதிவேட்டில் இடம்பெறாத நோயாளிகள்

சயாம்–பர்மா ரயில்பாதையைப் பற்றிப் பேசுகையில் நாம் பெரும்பாலும் இறந்தோரையே எண்ணுகிறோம். உயிரோடு மீண்டோர் தம் உடலில் எதைச் சுமந்து வந்தனர், அதற்கு ஈட்டுத்தொகை பெற்றோர் யார் என்பவை அரிதாகவே எழும் வினாக்கள்.

1942 பிப்ரவரி 17ஆம் நாள், இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்கள் பிரிட்டிஷ் படையினரிடமிருந்து பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். எனவே அந்தப் பாதையில் உழைத்த தமிழர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள் அல்லர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்கள். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து ரயிலேறிய ‘எஃப்’ படையின் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுள் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாந்திபேதி, மலேரியா, பெரிபெரி, ஆறாத காற்புண் ஆகியவை கைதி, தொழிலாளி என்று பார்த்துத் தாக்கவில்லை.

வேறுபாடு தாளில்தான் இருந்தது. கைதிகளிடையே இருந்த மருத்துவர்கள் ஒளித்து வைத்தேனும் நாட்குறிப்பு எழுதினர். தொழிலாளர் முகாம்களுக்கோ, ‘கே’, ‘எல்’ என்னும் மருத்துவக் குழுக்கள் 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும்தான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்டன. வாந்திபேதி அதற்கு முன்பே பரவிவிட்டது.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்றொரு குடற்புழு உண்டு. சேற்றில் நடக்கும் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். உள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கும். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, 1968 முதல் 2002 வரை சோதித்த 2,072 முன்னாள் கைதிகளுள் சுமார் 12 விழுக்காட்டினரிடம் அதைக் கண்டறிந்தது. அவர்களுக்குப் படைப்பிரிவும் எண்ணும் இருந்தன. ஓய்வூதியம் கோரும்போது காட்டுவதற்குச் சான்று இருந்தது.

1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆம் விதி, படையினராயிருந்த கைதிகளுக்கே நிதி ஒதுக்கியது. பிரிட்டிஷ் கைதி ஒருவருக்குக் கிடைத்தது சுமார் 76 பவுண்டு. போதாதென்று நெடுங்காலம் வாதாடிய பின்னரே, 2000 நவம்பரில் பிரிட்டன் தலைக்கு 10,000 பவுண்டு அறிவித்தது. தோட்டத் தொழிலாளர்கள் இரண்டிலும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்நாட்டிலிருந்து வந்த படைவீரனின் குடலில் இருந்த புழுவே அவன் அங்கு நோயுற்றதற்குச் சாட்சி. தமிழகத்திலும் மலாயாத் தோட்டங்களிலும் அப்புழு முன்னரே உண்டு. ஆகையால் தமிழ்த் தொழிலாளியைச் சோதித்து அதே புழுவைக் கண்டிருந்தாலும், அது ரயில்பாதையில் தொற்றியது என்று அவனால் மெய்ப்பித்திருக்க முடியாது.