திரைப்படத் தணிக்கையும் கற்பிதப் பார்வையாளரும்: 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கை முன்வைத்து

தணிக்கை என்னும் சொல் தமிழில் கணக்கைச் சரிபார்த்தலையும் திரைப்படத்தை ஆய்ந்து ஏற்றலையும் ஒருசேரக் குறிக்கிறது. மத்தியத் தணிக்கை வாரியம் 1983இல் சான்றிதழ் வாரியமாகப் பெயர் மாறிய பின்னரும் வழக்கில் பழைய சொல்லே நிலைத்துள்ளது. கணக்கைச் சரிபார்ப்பவருக்கு ஏடுகள் துணையாகும். படத்தைச் சரிபார்ப்பவரோ, வழிகாட்டு நெறிகள் இருப்பினும், இன்னும் அரங்கிற்கு வராத ஒரு பார்வையாளரைக் கற்பித்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டியுள்ளது.

1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சென்னை முதலிய நகரங்களில் அமைந்த வாரியங்கள் காவல்துறையின் பிடியில் இருந்தன. எளிதில் கிளர்ந்தெழும் கூட்டம் என்பதே அன்று பார்வையாளர் பற்றிய கருத்தாக இருந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் அமைப்பை மாற்றியது. அக்கருத்தை முற்றிலும் மாற்றியது எனல் இயலாது.

கே. ஜோதிபாண்டியன் இயக்கிய 'ஒரே ஒரு கிராமத்திலே' சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்து, பொருளாதார அடிப்படையை வலியுறுத்திய படம். பிராமணப் பெண்ணான காயத்ரி, கருப்பாயி என்ற பெயரில் ஒதுக்கீட்டுக்குரிய சாதிச் சான்றிதழ் பெற்று ஆட்சிப்பணியில் உயர்வது இதன் கதை. 1987 ஆகஸ்டில் சான்றிதழ் கோரப்பட்டபோது ஆய்வுக் குழு ஒருமனதாக மறுத்தது. ஒன்பதின்மர் கொண்ட மறுஆய்வுக் குழுவில் எண்மர் ஏற்றனர், ஒருவர் எதிர்த்தார். இரண்டாம் மறுஆய்வுக் குழுவில் ஐவர் சில வெட்டுகளுடன் ஏற்க, நால்வர் எதிர்த்தனர். ஒரே சட்டம், ஒரே நெறிமுறை, ஒரே படம். முடிவுகள் மட்டும் மூன்று. படத்தைக் காட்டிலும், காண்போர் பற்றிய உறுப்பினர்தம் அச்சமும் நம்பிக்கையுமே இங்கு வாக்குகளாயின எனக் கருத இடமுண்டு.

1987 டிசம்பர் 7 அன்று வழங்கப்பட்ட 'யு' சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு இரத்து செய்தது. தமிழ்நாட்டில் படத்திற்கு எழும் எதிர்வினை கொந்தளிப்பாகவே இருக்கும் என்பது அதன் கணிப்பு. மேல்முறையீட்டில் தில்லி உச்ச நீதிமன்றம் 1989 மார்ச் 30 அன்று இதனை மாற்றியது. மிகையுணர்ச்சி கொண்டவர் அல்லர், இயல்பான அறிவும் நிதானமும் உடைய சராசரி மனிதரே அளவுகோல் என்றது. ஆர்ப்பாட்ட அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது, அதனைக் காப்பதே அரசின் கடமை என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. எனினும், ஒலியும் ஒளியும் இணைந்த இருட்டரங்கின் ஆற்றலைக் காரணம் காட்டி, முன்தணிக்கை தேவை என்பதை அந்நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

இவ்விவாதத்தில் ஒரு தரப்பு போதிய கவனம் பெறவில்லை. படத்திற்குத் தடை கோரியவர்களுள் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் உரிமைக்கான அமைப்புகளும் அம்பேத்கர் பெயரிலான இயக்கமும் இருந்தன. ஒதுக்கீட்டால் கல்வியும் பணியும் பெற்றோரின் நியாயத்தைப் படம் சிதைக்கிறது என்பது ஒரு வாசிப்பு. தடை என்ற தீர்வை ஏற்காதவரும் அவ்வாசிப்பிற்கு விடையளித்தாக வேண்டும். அரசு அவர்களைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகக் காட்டியது. நீதிமன்றமும் அவர்களது எதிர்ப்பைப் பெரிதும் அவ்வகையிலேயே எடைபோட்டது. சராசரி மனிதருள் அவர்கள் அடங்குவரா என்னும் வினா எழவேயில்லை.

அரசின் கடமை பற்றிய பகுதி பின்னர் எவ்வாறு நடைமுறைப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. 2013 ஜனவரியில், சான்றிதழ் பெற்றிருந்த 'விஸ்வரூபம்' படத்தை இசுலாமிய அமைப்புகள் எதிர்த்தபோது, தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ்த் தடை விதித்தனர். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நிறுத்திவைத்தார். மறுநாளே அவ்வாணையை அமர்வு நீக்கியது. அரசு முன்னிலையில் நடந்த பேச்சில், சில இடங்களில் ஒலியை நீக்கத் தயாரிப்பாளர் தரப்பு இசைந்த பின்னரே, பிப்ரவரி 7 அன்று படம் இங்கு வெளியாயிற்று. எவ்விடங்களில் ஒலி நீங்க வேண்டும் என்பதை அங்குப் பேசி முடித்தவர்கள் வாரிய உறுப்பினர்கள் அல்லர்.